பீகிள்போனின் 92 பின்களும் எங்கள் கிணற்று மோட்டாரும்

மோட்டார் கொட்டகையில் பீகிள்போன் என்ற சின்னக் கணினிப் பலகையை மாட்டி நேற்றோடு நான்கு மாதம் ஆகிவிட்டது. இதற்குள் எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அது தானாக எழுந்து, கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து, மோட்டாரை ஓட விடுகிறது அல்லது நிறுத்திவைக்கிறது. இது மூன்றாவது முயற்சி. முந்தைய இரண்டும் தோற்றது நிரலில் அல்ல, பின்களில், அதாவது பலகையில் வயர் இணைக்கும் முனைகளில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேவை எளியது. சித்திரை, வைகாசியில் எங்கள் கிணற்றில் ஊற்று குறைந்துவிடும். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அப்போது மோட்டார் ஓட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் வற்றினால் 5 எச்பி நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும். இரண்டு கோடையில் இரண்டு முறை காயில் கட்டியாகிவிட்டது. இரண்டாம் முறை 6,500 ரூபாய் ஆனது. மோட்டாரைத் தூக்கி இறக்கிய கூலி தனி.

என்னிடம் பீகிள்போன் பிளாக் ஒன்று சும்மா கிடந்தது. 86-க்கு 53 மில்லிமீட்டர் அளவுள்ள, லினக்ஸ் ஓடும் பலகை. இதே போன்ற இன்னொரு பலகையான ராஸ்பெர்ரி பையில் அனலாக் உள்ளீடு, அதாவது ஏறி இறங்கும் வோல்ட்டேஜை அளக்கும் பின், கிடையாது; இதில் 12 பிட் அளவில், அதாவது 0 முதல் 4095 வரை எண்ணாக வாசிப்பவை, ஏழு உள்ளன. நீர்மட்ட சென்சாரை நேராக இணைத்துவிடலாம் என்று இதையே எடுத்துக்கொண்டேன்.

பலகையின் இரு ஓரங்களிலும் இரண்டு கறுப்புச் சாக்கெட்டுகள் இருக்கின்றன. பெயர் பி8, பி9. ஒவ்வொன்றிலும் 46 பின், மொத்தம் 92. முதலில் பார்த்தபோது இவ்வளவும் நமக்கே என்று தோன்றியது. அப்படி இல்லை. பி8-இல் 3 முதல் 6 வரையும் 20 முதல் 25 வரையும் உள்ளவை பலகையின் இஎம்எம்சி நினைவகத்துக்குப் போகின்றன. 27 முதல் 46 வரை எச்டிஎம்ஐ திரைக்குப் போகின்றன. முதலிரண்டு பின்கள் கிரவுண்ட். இவற்றைக் கழித்தால் பி8-இல் எந்தத் தகராறும் இல்லாமல் கிடைப்பவை 14 பின்கள்தான். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஜம்பர் வயர்களை நேராகச் சாக்கெட்டில் செருகித்தான் பார்த்தேன். மேசையில் சரியாக இருந்தது. கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்திலேயே ஒவ்வொரு முறையும் அடித்து அதிரும்போது, மூன்று நாளில் ஒரு வயர் தளர்ந்தது. எனவே டாட் போர்டில், அதாவது வரிசையாகத் துளைகள் உள்ள அட்டையில், பலகையின் மேல் செருகும் ஒரு மேல்தட்டு செய்ய முடிவு செய்தேன்.

இதில் ஒரு வழி நன்றாக வேலை செய்தது. இரட்டை வரிசை பெர்க் ஸ்ட்ரிப்பை (ஊசிபோன்ற பின்களின் பட்டை) 23 ஜோடியாக நறுக்கி, இரண்டு துண்டுகளையும் முதலில் பலகையின் சாக்கெட்டிலேயே செருகிவிட வேண்டும். அதன் மேல் டாட் போர்டை வைத்து, நான்கு மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு ஈயம் வைக்க வேண்டும். பிறகு கழற்றி எடுத்து மற்ற பின்களைப் பற்றவைக்கலாம். அளந்து வைத்தால் அரை மில்லிமீட்டர் விலகினாலும் உள்ளே இறங்காது. சாக்கெட்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பற்றவைத்தாலோ பிளாஸ்டிக் இளகிவிடும்.

தட்டு அழகாக உட்கார்ந்தது. பிழை அடிப்பக்கத்தில் இருந்தது.

பலகையை ஈதர்நெட் வாசல் மேலே இருக்கும்படி பிடித்தால் பி9 இடப்பக்கம், பி8 வலப்பக்கம். இரண்டிலுமே இடப்பத்தி ஒற்றைப்படை எண்கள், வலப்பத்தி இரட்டைப்படை. அதாவது பி9-இல் ஒற்றைப்படை வெளியோரத்தில் இருக்கிறது, பி8-இல் உள்ளோரத்தில். வயர் பற்றவைக்கத் தட்டைக் கவிழ்த்தால் இடம் வலமாகிவிடும். மேலிருந்து பார்த்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கீழிருந்து பற்றவைத்தேன். எல்லா ஒற்றைப்படையும் இரட்டைப்படையாக மாறிப்போனது.

இது ஏன் இரண்டு நாள் பிடிபடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பி9-இன் தொடக்கத்தில் மின்வழங்கு பின்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. 1, 2 கிரவுண்ட்; 3, 4 இரண்டும் 3.3 வோல்ட், 5, 6 இரண்டும் 5 வோல்ட், 7, 8 இரண்டும் இன்னொரு 5 வோல்ட். இடம் வலம் மாறினாலும் இவை மாறுவதில்லை. மல்ட்டிமீட்டர் வைத்த இடமெல்லாம் சரியான வோல்ட்டேஜ் காட்டியது. வயரிங் சரி என்று நம்பிவிட்டேன். ஆனால் கடிகார மாட்யூல் மட்டும் பேசவில்லை. அது 19, 20 ஆகிய பின்களில் இருந்தது. ஒன்று கடிகாரத் துடிப்பு, மற்றொன்று தரவு. அவை இடம் மாறியிருந்தன. நல்லவேளையாக அப்படி மாறினால் எதுவும் எரியாது. இப்போதெல்லாம் தட்டின் அடிப்பக்கத்திலேயே 1, 2, 45, 46 என்று மார்க்கரால் எழுதிய பிறகுதான் சால்டரிங் அயர்னைத் தொடுகிறேன். மின்வழங்கு அல்லாத ஒரு பின்னையாவது மல்ட்டிமீட்டரின் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் வசதி) வைத்துச் சோதித்தும் விடுகிறேன்.

அந்தக் கடிகார மாட்யூல் டிஎஸ்3231. பேட்டரி வைத்து நேரத்தைக் காக்கும் வசதி பலகையில் இல்லாததால், இணையம் இல்லாத கொட்டகையில் இது அவசியம். கடைகளில் கிடைக்கும் மாட்யூலில் கடிகாரத்தோடு ஒரு சின்ன நினைவக ஐசியும் (சிப்) இருக்கிறது. அதே வயர்களில் அதை அழைக்கும் முகவரி பதினறும எண்ணில் 57. பீகிள்போன் தன் மேல் மாட்டப்படும் தட்டுகளை அடையாளம் காண இதே 19, 20 பின்களில் 54 முதல் 57 வரை தேடும். நினைவகம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் பலகை அதையும் ஒரு தட்டாக எண்ணி வாசிக்கப் பார்க்கும். மாட்யூலில் ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று ஜோடிப் புள்ளிகள் இருக்கின்றன. ஏ0-ஐ ஈயத்தால் இணைத்தால் முகவரி 56 ஆகும்; அது இன்னும் அதே எல்லைக்குள்தான். ஏ2-ஐ இணைத்தேன். 53-க்குப் போய்விட்டது. மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள புல்-அப் (கோட்டை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும்) ரெசிஸ்டர்கள் பலகையின் பின்களை 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். பி8, பி9 இரண்டிலும் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை.

அடுத்தது ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் இயங்கும் மின்காந்தச் சுவிட்ச். அதன் காயிலின் தடை 70 ஓம் என்று அளந்தேன். 5 வோல்ட்டில் 71 மில்லி ஆம்பியர் இழுக்கும். மின்சாரத்துக்கு பி9-இன் 5ஆவது பின்னைப் பிடித்தேன். ரிலே அசையவே இல்லை. ஒரு மாலை முழுவதும் ரிலேயைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். 5, 6 பின்களுக்கு வட்ட அடாப்டர் வாசல் வழியாக மட்டுமே மின்சாரம் வரும். மேசையில் நான் யுஎஸ்பி கேபிளில் பலகையை ஓட்டிக்கொண்டிருந்ததால் அங்கே பூஜ்யம். எப்படி மின்சாரம் கொடுத்தாலும் உயிரோடு இருப்பவை 7, 8. ஆனால் அவற்றிலிருந்து 250 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு ரிலேக்கு இது போதும்.

இனி பெரிய பிழை. சந்தையில் கிடைக்கும் இரட்டை ரிலே போர்டை வாங்கி, அதன் இரண்டு உள்ளீடுகளையும் பி8-இன் 45, 46 பின்களில் இணைத்தேன். காரணம், அவை சாக்கெட்டின் கடைசி மூலையில் இருப்பதால் எண்ணாமலே கண்டுபிடிக்கலாம். திரை தேவையில்லை என்று எச்டிஎம்ஐயை அணைத்துவிட்டதால் பின்கள் கையில் கிடைத்தன. ரிலே சொன்னபடி கேட்டது. கொட்டகைக்குக் கொண்டுபோய் மாட்டி, இரண்டு மணி நேரம் கூடவே இருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று இரவே மின்சாரம் போனது. விடியற்காலை நான்கு மணிக்கு மும்முனை வந்தபோது மோட்டார் ஓடவில்லை. அப்பா டார்ச்சோடு போய்ப் பார்த்தார். பலகையில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிகிறது, பக்கத்திலுள்ள நான்கு நீல விளக்குகளில் ஒன்றுகூட மின்னவில்லை என்று போனில் சொன்னார். பலகை செயலிழந்தால் மோட்டார் ஓடக் கூடாது என்று நான்தான் அமைத்திருந்தேன். கத்தரிக்கு அன்று தண்ணீர் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து தனியாக ஓட்டினால் உடனே எழுந்தது. தட்டை மாட்டி மின்சாரம் கொடுத்தால் எழவில்லை. எழுந்த பிறகு தட்டை மாட்டினால் எல்லாம் சரியாக நடக்கிறது. இந்த மூன்றாவது சோதனைதான் வழி காட்டியது. தொல்லை ஓட்டத்தில் இல்லை, எழும் கணத்தில் இருக்கிறது.

பி8-இல் 31 முதல் 46 வரையுள்ள 16 பின்களுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. மின்சாரம் வந்தவுடன் சிப் அந்தப் பின்களில் இருக்கும் நிலைகளைப் படித்துத்தான், எதிலிருந்து எழ வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்த நிலைகளைப் பிடித்துவைப்பவை பலகையிலுள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். மிக மென்மையான பிடி அது. 45, 46 இரண்டும் அந்தக் கணத்தில் பூஜ்யமாக இருக்க வேண்டியவை. என் ரிலே போர்டோ, உள்ளீட்டைத் தாழ்த்தினால் வேலை செய்யும் வகை. ஒவ்வொரு உள்ளீட்டிலும் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சின்ன விளக்கு, ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) வழியாக ஓர் இழுப்பு இருந்தது. உள்ளீட்டைத் திறந்துவைத்து மல்ட்டிமீட்டரில் பார்த்தேன்: 3.5 வோல்ட்டுக்கு மேல். 100 கிலோ ஓமின் பிடியை அது ஒரு நொடிகூட விடாமல் வென்றிருக்கிறது. இரண்டு பூஜ்யங்களும் ஒன்றுகளாக மாற, சிப் இஎம்எம்சியை விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது.

பலகையின் பூட் பொத்தானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை அழுத்தினால் 43ஆவது பின்னின் நிலை தாழ்கிறது. அதனால்தான் எழும் வரிசை மாறி மெமரி கார்டு முன்னுக்கு வருகிறது. இது தெரிந்த பிறகுதான் எனக்கு முழுதும் விளங்கியது. இன்னொரு விதியும் உண்டு. பலகைக்கு மின்சாரம் இல்லாதபோதும், எழுந்து ரீசெட் கோடு (பலகை தயார் என்று காட்டும் சிக்னல்) உயரும் வரையிலும், வெளியிலிருந்து எந்தப் பின்னிலும் வோல்ட்டேஜ் நுழையக் கூடாது. என் ரிலே போர்டு இந்த விதியையும் மீறியது. 5 வோல்ட் இழுப்பை 3.3 வோல்ட் பின்னில் வைத்திருந்தேன். அந்தப் பின்கள் பிழைத்ததே பெரிது.

ரிலே போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, தனி ரிலே ஒன்றையும், அதை இயக்கும் மின்னணுச் சுவிட்சாக ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டையும் வாங்கினேன். 71 மில்லி ஆம்பியருக்கு இந்த மாஸ்ஃபெட் மிகப் பெரியது. ஆனால் 3.3 வோல்ட்டில் திறக்கும், எங்கள் பக்கக் கடையில் கிடைக்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கால் கேட்; அதை பி9-இன் 12ஆவது பின்னில் இணைத்தேன். பலகை இப்போது ஒவ்வொரு முறையும் எழுந்தது.

ஆனால் மின்சாரம் கொடுத்த உடனே ரிலே ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் எழுந்து என் நிரல் பின்னைக் கைப்பற்றும் வரை, ஏறத்தாழ 25 நொடி, விடவில்லை. கிணறு வற்றியிருந்தாலும் அந்த 25 நொடி மோட்டார் ஓடும். பின் 12-க்கு ரீசெட்டின்போதே உள்ளே ஒரு மெல்லிய புல்-அப் இருக்கிறது. மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு அந்த மெல்லிய இழுப்பே போதும். 23ஆவது பின்னில் தொடக்க நிலையே புல்-டவுன், அதாவது கீழ்நோக்கிய இழுப்பு. வயரை அங்கே மாற்றி, உறுதிக்காக கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ஒன்றும் போட்டேன். நிரலில் 60 என்றிருந்த எண் 49 ஆனது. தொகுதிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், ஒவ்வொன்றிலும் 32 கோடுகள். 23ஆவது பின் என்பது தொகுதி 1-இன் 17ஆம் கோடு. 32 கூட்டல் 17.

இந்த ரிலே ஸ்டார்ட்டரை நேராக இயக்கவில்லை. எங்கள் ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே, 415 வோல்ட்டில் நிற்கிறது. சின்ன ரிலேயின் தொடுமுனை 250 வோல்ட்டுக்கானது. ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் பெட்டியைத் திறந்தவுடன், இதில் அதைக் கோக்காதீர்கள் தம்பி என்று தடுத்துவிட்டார். 230 வோல்ட் காயில் உள்ள துணைக் காண்டாக்டர் ஒன்றை அவரே இடையில் வைத்து, அதன் தொடுமுனையை ஸ்டாப் பொத்தானோடு தொடரில் இணைத்துக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குள் நான் கை வைக்கவில்லை. துணைக் காண்டாக்டர் விடும்போது இரண்டு முறை பலகை ரீசெட் ஆனது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கபாசிட்டரும் தொடராகப் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாகச் சென்சார். கிணற்றில் இறங்கும் அழுத்த வகை, 0 முதல் 5 மீட்டர், 4 முதல் 20 மில்லி ஆம்பியர், 24 வோல்ட். பீகிள்போனின் அனலாக் பின்களின் எல்லை 1.8 வோல்ட். 3.3 அல்ல. வழக்கமாகப் போடும் 250 ஓம் ரெசிஸ்டரில் 20 மில்லி ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் வரும், பலகை தாங்காது. 82 ஓம், 1 சதவீதம் போட்டேன். 4 மில்லி ஆம்பியருக்கு 0.328 வோல்ட், 20-க்கு 1.64 வோல்ட். பலகை வாசிக்கும் எண்ணில் 746 முதல் 3731 வரை. ஓர் எண்ணுக்கு 1.7 மில்லிமீட்டர் தண்ணீர். கிணற்றுக்கு இது தாராளம்.

கணக்கு சரி, கட்டுமானம் தவறு. ரெசிஸ்டரை திருகு முனையில் மாட்டியிருந்தேன். அதிர்வில் கிரவுண்ட் பக்கத் திருகு தளர்ந்த கணம், ரெசிஸ்டர் துண்டாகி, 24 வோல்ட் முழுதும் சென்சாரை இணைத்திருந்த பி9-இன் 39ஆவது பின்னைத் தேடிப் போனது. அன்றிலிருந்து அந்தப் பலகையில் எல்லா அனலாக் உள்ளீடுகளும் 4095 என்றே காட்டுகின்றன. மற்றபடி ஓடுகிறது, அதை இப்போது மேசையில் சோதனைக்கு வைத்திருக்கிறேன். கொட்டகைக்கு, ஏற்கெனவே பயன்படுத்திய இன்னொரு பலகையை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன்.

இப்போதுள்ள அமைப்பு இது. 82 ஓம் தட்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து 22 கிலோ ஓம் வழியாக எம்சிபி6002 ஆப்-ஆம்ப்புக்கு (இங்கே வோல்ட்டேஜை அப்படியே எடுத்துக் கொடுக்கும் ஐசி) போகிறது. அந்த ஐசிக்கு மின்சாரம் பி9-இன் 32ஆவது பின்னிலிருந்து, அதாவது அனலாக் பகுதியின் 1.8 வோல்ட்டிலிருந்தே. 1.8-இல் ஓடும் ஐசியால் 1.8-க்கு மேல் வெளியிட முடியாது. 24 வோல்ட்டே வந்து மோதினாலும் 22 கிலோ ஓம் வழியாக உள்ளே போவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். இந்த ஐசி 40 ரூபாய். முதல் பலகையில் இதை வைத்திருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ரெசிஸ்டரின் கிரவுண்டை 1ஆவது பின்னில் வைத்திருந்தபோது, ரிலே போடும்போதெல்லாம் அளவு பத்துப் பன்னிரண்டு எண்கள் ஆடியது. அனலாக்குக்கென்றே இருக்கும் 34ஆவது பின்னுக்கு மாற்றினேன். இரண்டு மூன்று எண்களாகக் குறைந்துவிட்டது. சென்சாருக்கு மேல் 0.6 மீட்டர், அதாவது எண் 1104-க்குக் கீழே போனால் நிறுத்து, 1.8 மீட்டர், 1821-ஐத் தாண்டினால் மறுபடி அனுமதி. 700-க்குக் கீழே போனால் கேபிள் அறுந்திருக்கிறது என்று பொருள், அப்போதும் நிறுத்து.

சென்சார் 4,600, துணைக் காண்டாக்டர் 650, 24 வோல்ட் வழங்கி 450, கடிகார மாட்யூல் 160, ரிலே, மாஸ்ஃபெட், ஐசி, டாட் போர்டு, பெர்க் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து 300-க்குள். இரண்டாவது பலகையோடு கூட்டினால் 10,000 ரூபாயைத் தொட்டுவிட்டது. அதில் 4,200 ஒரு திருகுக்காகப் போனது.

அடுத்த முறை செய்தால் பின்களைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைப்பேன்: பலகையில் இது வேறு எதற்குப் போகிறது, மின்சாரம் வந்த கணத்தில் இது எந்த நிலையில் இருக்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து இதற்குள் என்ன நுழையக்கூடும். மேசையிலிருந்து எடுப்பதற்கு முன்பே இருபது முறையாவது பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்ப்பேன். மேலும், பலகை இறந்தாலும் அப்பா கையால் மோட்டார் போடும்படி ஒரு மாற்றுச் சுவிட்சை முதல் நாளே வைத்திருப்பேன். அது இப்போது ஸ்டார்ட்டர் பெட்டியின் வலப்பக்கம், சிவப்புக் கைப்பிடியோடு இருக்கிறது. இந்த நான்கு மாதத்தில் அவர் அதைத் தொடவில்லை.

ஆப்-ஆம்ப் ஐசியில் இரண்டாம் பாதி சும்மா இருக்கிறது. அதன் வெளியீட்டை 40ஆவது பின்னுக்கு ஏற்கெனவே பற்றவைத்துவிட்டேன். மேட்டுத் தொட்டிக்கு ஒரு சென்சார் வாங்கினால் போதும்.